பைக்குக்கு வீட்டிலேயே எல்இடி டெயில் லைட் செய்யலாமா? செலவு குறைவுதான்... ஆனால் இந்த 5 மடங்கு கணக்கு தெரியுமா?

இரவு நேரம். முன்னால் போகும் பைக்கின் பின்பக்கம் சிவப்பு நிறத்தில் பளிச்சென்று ஜொலிக்கிறது. 'சூப்பரா இருக்கே' என்று பார்த்துக்கொண்டே பின்னால் வருபவர் வண்டியை ஓட்டுகிறார். சில நொடிகளில் அந்த பைக் மிக அருகில் வந்துவிடுகிறது. அது எப்போது பிரேக் பிடித்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. காரணம், பிரேக் பிடிப்பதற்கு முன்பே அந்த விளக்கு முழு வெளிச்சத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் செய்யப்படும் எல்இடி டெயில் லைட்டுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். எல்இடியை எரிய வைப்பது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் 'இந்த வண்டி போகுது', 'இந்த வண்டி நிற்கப் போகுது' என்ற இரண்டு செய்திகளையும் பின்னால் வருபவருக்குக் குழப்பமில்லாமல் சொல்ல வைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

எல்இடி டெயில் லைட் எப்படி வேலை செய்கிறது, வீட்டில் செய்தால் என்ன கணக்கு போட வேண்டும், எங்கே தவறு நடக்கும், சட்டம் என்ன சொல்கிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டெயில் லைட் ஏன் இவ்வளவு முக்கியம்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இதில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களின் பங்கு மட்டும் சுமார் 44 சதவீதம். விபத்து வகைகளில் பின்னால் வந்து மோதுவதும் முக்கியமான ஒன்று.

காரில் பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் விளக்கு இருக்கும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று எரியும். பெரும்பாலான பைக்குகளில் இருப்பதோ ஒரே ஒரு டெயில் லைட். அதுவும் அணைந்தால் இருட்டில் அந்த வண்டி இருப்பதே தெரியாது.

எல்இடி நல்லதா, பழைய பல்பே போதுமா?

பழைய பைக்குகளில் இருப்பது இரட்டை இழை பல்பு. பெரும்பாலும் 12 வோல்ட், 5/21 வாட் அல்லது 5/10 வாட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு. பெரிய இழை பிரேக்குக்கு. இரண்டும் ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும்.

எல்இடிக்கு மூன்று சாதகங்கள் உண்டு.

• வேகம்: இழை பல்பு சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி ஆகும். எல்இடி உடனே எரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16.7 மீட்டர் நகரும். அப்படியென்றால் 0.2 நொடியில் 3.3 மீட்டர். பின்னால் வருபவருக்கு அந்த 3 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது.

• மின்சாரம்: 5/21 வாட் பல்பில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு இழைகளும் சேர்ந்து 26 வாட் வரை எடுக்கும். கீழே சொல்லப்படும் 24 எல்இடி அமைப்புக்கு 2 வாட்டே போதும்.

• ஆயுள்: இழை பல்பு குண்டுக்குழி ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து அறுந்துபோகும். எல்இடியில் அறுவதற்கு இழையே கிடையாது.

ஆனால் இந்தச் சாதகங்கள் எல்லாம் ஒழுங்காகச் செய்த எல்இடி விளக்குக்கு மட்டும்தான்.

செய்வதற்கு முன்... சட்டம் என்ன சொல்கிறது?

'டெயில் லைட் ஆர்சி புத்தகத்திலேயே இல்லையே, மாற்றினால் என்ன?' என்று சிலர் கேட்பதுண்டு. ஆனால் விளக்குகளுக்குத் தனி விதிகள் இருக்கின்றன.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 105-வது விதிப்படி, பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டை வெள்ளை ஒளியில் காட்டும் விளக்கும் வேண்டும். அந்த வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்தில் இருந்து நம்பரைப் படிக்க முடிய வேண்டும். 108-வது விதிப்படி, நம்பர் பிளேட் விளக்கு, இண்டிகேட்டர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பின்பக்கம் சிவப்பு அல்லாத வேறு நிற விளக்கு காட்டக் கூடாது. 'நீலமா, வெள்ளையா இருந்தா கெத்தா இருக்கும்' என்பதெல்லாம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

வாகனத்தில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2019-ம் ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. அதே 2019 ஜனவரியில், கேரளாவில் இருந்து வந்த வழக்கு ஒன்றில், தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

கடையில் விற்கும் கம்பெனி விளக்குகள் சோதனைக்கூடத்தில் ஒளி அளவு, கோணம், நிறம் எல்லாம் பரிசோதிக்கப்பட்டுச் சான்று பெற்றவை. வீட்டில் செய்யும் விளக்குக்கு அந்தச் சான்று கிடையாது. அதனால் தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு முதல் தேர்வு, அதே மாடலுக்குக் கம்பெனியே தரும் எல்இடி யூனிட்தான். உதிரிபாகமே கிடைக்காத பழைய வண்டி, கண்காட்சிக்கு வைக்கும் வண்டி, எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளும் ஆர்வம் போன்ற காரணங்களுக்கே வீட்டுத் தயாரிப்பு பொருந்தும். அப்போதும் பழைய பல்பு ஹோல்டரைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது. தேவைப்பட்டால் 10 நிமிடத்தில் பழையபடி மாட்டிவிடலாம்.

என்னென்ன வேண்டும்?

• அகலக் கோணச் சிவப்பு எல்இடி - 24
• வெள்ளை எல்இடி - 2 (நம்பர் பிளேட்டுக்கு)
• கால் வாட் ரெசிஸ்டர்கள் - 330 ஓம் 6, 1.8 கிலோ ஓம் 6, 470 ஓம் 1
• 1என்4007 டயோடு - 2
• துளை போட்ட பொது பிசிபி போர்டு
• 1 ஆம்பியர் ஃபியூஸ், ஹோல்டருடன் - 2
• 25 வாட் சால்டரிங் அயன், ஈயம், மல்டிமீட்டர், ஹீட் ஷ்ரிங்க் டியூப், மெல்லிய பல இழை ஒயர்

சென்னையில் ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் இவை எல்லாமே சில்லறையாகக் கிடைக்கும்.

எல்இடி வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. பாக்கெட்டில் மில்லிகேண்டெலா அளவு அதிகமாகப் போட்டிருந்தால் அது அதிக வெளிச்சம் என்று நினைத்துவிடுவோம். ஒளியைக் குறுகலான கோணத்தில் குவித்தாலே அந்த எண் கூடிவிடும். டார்ச் மாதிரி நேர் பின்னால் மட்டும் கண்ணைக் கூசும்; பக்கவாட்டில் இருந்து வருபவருக்கு மங்கலாகத் தெரியும். டெயில் லைட்டுக்கு அகலக் கோணம்தான் தேவை. நான்கு கால்கள் கொண்ட சதுர வடிவ 'பிரான்ஹா' வகை எல்இடிகள் இதற்குப் பொருத்தமானவை. போர்டில் ஆடாமல் உட்காரவும் செய்யும்.

முதல் வேலை: ஒயரில் என்ன வருகிறது என்று பார்ப்பது

சால்டரிங் அயனைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். டெயில் லைட்டுக்கு மூன்று ஒயர்கள் வரும். ஒன்று டெயில், ஒன்று பிரேக், ஒன்று எர்த். நிறம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் நிறத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே சரி.

பைக்கில் எழுதியிருப்பது 12 வோல்ட் என்றாலும், இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆவதால் 14.4 வோல்ட் அளவுக்கு வரும். கணக்கை அந்த அளவுக்கே போட வேண்டும். 12-க்குக் கணக்குப் போட்டால் வண்டி ஓடும்போது எல்இடிக்கு அதிகக் கரண்ட் போய் சீக்கிரமே கருகிவிடும்.

இன்னொரு முக்கிய விஷயம். பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் ஓடாது. மேக்னெட்டோவில் இருந்து நேரடியாக வரும் ஏசி கரண்டில் ஓடும். பிரேக் லைட் மட்டும் பேட்டரியில் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி-யிலும் டிசி-யிலும் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஏசி வந்தால் எல்இடி துடித்துத் துடித்து எரியும். அங்கே பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் தேவை. 6 வோல்ட் பழைய வண்டிகளுக்கும் கீழே உள்ள கணக்கு பொருந்தாது.

கணக்கு இதுதான்

ஒரு சிவப்பு எல்இடி எரிய சுமார் 2.1 வோல்ட் வேண்டும். அதன் வழியாக 20 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கட்டுப்படுத்துவதுதான் ரெசிஸ்டரின் வேலை.

4 எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைத்தால் 4 x 2.1 = 8.4 வோல்ட். வருவது 14.4 வோல்ட். இடையில் இருக்கும் டயோடு 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 5.3 வோல்ட். இதை 330 ஓம் ரெசிஸ்டரால் வகுத்தால் சுமார் 16 மில்லி ஆம்பியர். இது பிரேக் வழி.

டெயில் வழியில் அதே 5.3 வோல்ட்டை 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டரால் வகுத்தால் சுமார் 3 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான்.

பிரேக் பிடிக்கும்போது இரண்டு வழிகளும் சேர்ந்து 19 மில்லி ஆம்பியர் வரும். 20-ஐத் தாண்டவில்லை. அதேசமயம் 3-ல் இருந்து 19-க்குப் போவதால், வெளிச்சம் சுமார் 6 மடங்கு கூடுகிறது.

'ஒரு வரிசைக்கு 5 எல்இடி போட்டா ரெசிஸ்டர் மிச்சமாகுமே?' என்று தோன்றலாம். 5 போட்டால் எல்இடிகளே 10.5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது வோல்டேஜ் 12-க்கு இறங்கினால், டயோடு போக மீதி 1 வோல்ட்கூட இருக்காது. விளக்கு மங்கிவிடும். 4 போட்டால் அந்த நேரத்திலும் சுமார் 2.9 வோல்ட் மிச்சமிருக்கும்.

அந்த 5 மடங்கு கணக்கு என்ன?

டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே இடத்தில், ஒரே சிவப்பு நிறத்தில் இருக்கும்போது, வெளிச்ச வித்தியாசம் ஒன்றுதான் பின்னால் வருபவருக்குத் துப்பு. அதனால்தான் அமெரிக்காவின் வாகன விளக்கு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 108-ல், இரண்டும் ஒன்றாக இருக்கும் விளக்கின் மையப் பகுதியில் பிரேக் வெளிச்சம் டெயில் வெளிச்சத்தைவிடக் குறைந்தது 5 மடங்கு இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இது இன்னும் முக்கியம். 2017 ஏப்ரல் முதல், புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும் முறை கட்டாயமாகிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் அதோடு சேர்ந்து டெயில் லைட்டும் பகலிலேயே எரிகிறது. ஆக, 'சிவப்பு எரியுது, பிரேக் பிடிக்கிறாங்க' என்று பகலில்கூடச் சொல்ல முடியாது. எவ்வளவு கூடுகிறது என்பதுதான் செய்தி.

எப்படி இணைப்பது?

1. டெயில் ஒயரில் ஒரு ஃபியூஸ், ஒரு டயோடு. பிரேக் ஒயரிலும் ஒரு ஃபியூஸ், ஒரு டயோடு. டயோடின் வெள்ளைக் கோடு எல்இடி பக்கம் இருக்க வேண்டும். டயோடு இல்லாவிட்டால் ஒரு வழியின் கரண்ட் இன்னொரு வழிக்குத் திரும்பிப் போய்விடும்.

2. நான்கு நான்காக 6 வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் இரண்டு ரெசிஸ்டர்கள் சேரும். 330 ஓம் பிரேக் பக்கத்தில் இருந்து, 1.8 கிலோ ஓம் டெயில் பக்கத்தில் இருந்து. எல்லா வரிசைகளுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடக் கூடாது. ஒரு வரிசை போனால் அதன் கரண்ட்டும் மற்ற வரிசைகளுக்குப் பாயும்.

3. ஒரு வரிசையின் 4 எல்இடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், போர்டு முழுவதும் கலந்து பரப்ப வேண்டும். வரிசையில் ஒரு எல்இடி அறுந்தால் நான்குமே அணையும். கலந்து வைத்திருந்தால் விளக்கு லேசாக மங்கும். ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு மூலையே இருண்டுவிடும்.

4. வரிசைகளின் கடைசிக் கால்கள் எல்லாம் எர்த் ஒயருக்குப் போகும். துருப்பிடிக்கும் பாடி போல்ட்டை நம்பாமல், வண்டியின் ஒயரிங்கில் வரும் எர்த் ஒயரிலேயே கொடுப்பது நல்லது.

5. இரண்டு வெள்ளை எல்இடிகளை வரிசையாக இணைத்து, 470 ஓம் ரெசிஸ்டருடன் டெயில் வழியில் கொடுத்து, கீழ்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய பல்பின் வெள்ளை ஒளிதான், விளக்குக் கூட்டின் அடியில் இருக்கும் நிறமில்லாத ஜன்னல் வழியாக நம்பர் பிளேட்டில் விழும். உள்ளே முழுக்கச் சிவப்பு எல்இடி வைத்துவிட்டால், நம்பர் பிளேட் இருளும், அல்லது சிவப்பாகத் தெரியும்.

சால்டரிங் செய்யும்போது ஒரு காலில் 3 நொடிக்கு மேல் அயனை வைக்கக் கூடாது. சூட்டில் எல்இடி உள்ளேயே பழுதாகும். புகையை நேரடியாகச் சுவாசிக்காமல், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்வது நல்லது.

பழைய கூட்டையே பயன்படுத்துங்கள்

புதிதாக அக்ரிலிக் வெட்டி ஒட்டுவதைவிட, வண்டியுடன் வந்த கூட்டையும் சிவப்பு லென்ஸையும் வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் போர்டை வைப்பது பாதுகாப்பானது. லென்ஸிலேயே இருக்கும் பிரதிபலிப்பான், விளக்கு மொத்தமாக அணைந்தாலும் பின்னால் வரும் ஹெட்லைட்டைத் திருப்பிக் காட்டும். அதை மறைத்து போர்டு வைப்பதோ, லென்ஸ் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதோ வேண்டவே வேண்டாம்.

மூடும்போது தண்ணீர் புகாமல் சிலிகான் பூசுவார்கள். வினிகர் போல வாடை அடிக்கும் சிலிகான் செம்பை அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். ஹாட் க்ளூ வெயிலில் இளகிவிடும். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில் கனெக்டர் போட்டால் மழைக்கும் அதிர்வுக்கும் தாங்கும்.

ரோட்டுக்குப் போவதற்கு முன் 5 சோதனைகள்

• உச்சி வெயிலில்: நண்பரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, 30 அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் கம்பெனி விளக்கு உள்ள பைக்கை நிறுத்தி ஒப்பிட வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் ரெசிஸ்டரைக் குறைக்கக் கூடாது. வரிசைகளைக் கூட்ட வேண்டும்.

• இருட்டில்: டெயில் லைட் மட்டும் எரியும்போது கண் கூசக் கூடாது. கூசினால் பிரேக் வித்தியாசம் தெரியாது.

• பக்கவாட்டில்: இடது, வலது என இரண்டு பக்கமும் சாய்ந்து நின்று பார்க்க வேண்டும்.

• இரண்டு பிரேக்கிலும்: கை பிரேக், கால் பிரேக் தனித்தனியாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

• ஒரு மணி நேரம்: தொடர்ந்து எரியவிட்டு, கூட்டைத் தொட்டுப் பார்த்து, கருகல் வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

செல்போனில் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது தவறு. கேமரா வெளிச்சத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துவிடும். ரீல்ஸில் பளபளக்கும் விளக்கு, பகல் 12 மணிக்குக் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

பழைய ஹோல்டரில் அப்படியே மாட்டும் எல்இடி பல்பு போதாதா?
மாட்டுவது சுலபம்தான். ஆனால் கூட்டின் உள்பக்க ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் புள்ளிக்காக வடிவமைக்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒளி வேறு இடங்களில் இருந்து வருவதால் லென்ஸ் முழுவதும் பரவாமல் போகலாம். மேலே சொன்ன சோதனைகளை இதற்கும் செய்ய வேண்டும்.

சிவப்பு லென்ஸுக்குள் வெள்ளை எல்இடி போடலாமா?
பெரும்பாலான ஒளியை லென்ஸ் உறிஞ்சிவிடும். சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடிதான் சரி.

இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கினால் ஏன் வேகமாகத் துடிக்கிறது?
பழைய ஃபிளாஷர், பல்பு எடுக்கும் கரண்டை வைத்து வேலை செய்யும். கரண்ட் குறைந்ததும் 'பல்பு போயிடுச்சு' என்று நினைத்து வேகமாகத் துடிக்கும். எல்இடிக்கான ஃபிளாஷர் மாற்றினால் சரியாகும்.

பிரேக் லைட் மினுக் மினுக் என்று அடித்தால் நல்லதுதானே?
இண்டிகேட்டரா பிரேக்கா என்று பின்னால் வருபவர் குழம்பும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. பிரேக் லைட் நிலையாக எரிவதே சரி.

வாரன்டி, இன்சூரன்ஸ் பாதிக்குமா?
ஒயரை வெட்டினால் மின் பாகங்களுக்கான வாரன்டி கேள்விக்குறியாகும். விபத்து ஏற்பட்டால் அனுமதியில்லாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி எழுப்பவும் வாய்ப்புண்டு.

கடைசியாக...

ஹெட்லைட்டை வண்டி ஓட்டுபவர் பார்க்கிறார். ஸ்பீடோமீட்டரையும் அவர்தான் பார்க்கிறார். ஆனால் ஓடும்போது தன்னுடைய டெயில் லைட்டை அவரால் ஒருபோதும் பார்க்க முடியாது. அது அணைந்தாலும் தெரியாது, மங்கினாலும் தெரியாது. அதனால் வீட்டில் செய்ததோ, கம்பெனியில் வந்ததோ, தினமும் வண்டியை எடுக்கும்போது பின்பக்கச் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா, பிரேக் அழுத்தினால் அது கூடுகிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு 5 நொடிகூட ஆகாது.